நிபுணர் வந்திருக்கிறார், நாற்காலி போடுங்கள்

இந்த நிபுணருக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. ஒரே ஆளாக இருந்தால் பெயர் சொல்லித் திட்டலாம். இவர் கூட்டம் கூட்டமாக வாஷிங்டனில் விமானம் ஏறி டுனிஸ், கெய்ரோ, பெய்ரூட், ரியாத் என்று இறங்கிக்கொண்டே இருக்கிறார். அரபு நாடுகளின் ஆட்சிமுறையையும் சீர்திருத்தத்தையும் ஆராய்வது தொழில். அரபு தெரியாது. 'ஷுக்ரன்' (நன்றி) தெரியும். ஓட்டல் சிப்பந்திக்கு அது போதும். மந்திரிகளிடம் அதுகூடத் தேவைப்படாது, பாதிப்பேர் நிபுணர் படித்த பல்கலைக்கழகத்திலேயே படித்தவர்கள்.

கையில் ஆறு அளவுகோல் வைத்திருப்பார். மக்கள் குரல், அரசியல் நிலைத்தன்மை, அரசின் செயல்திறன், ஒழுங்குமுறைத் தரம், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு என்று உலக வங்கி வகுத்துக் கொடுத்தவை. இவற்றை வைத்து அளந்தால் எந்த நாடும் ஒரு தசம எண்ணுக்குள் அடங்கிவிடும். அதிபர் பென் அலியின் டுனிசியா 'மக்கள் குரல்' கட்டத்தில் தரையில் கிடந்தது. அதை மறைக்கவெல்லாம் இல்லை, பவர்பாயிண்டின் கடைசிப் பக்கத்தில் போட்டார்கள். கடைசிப் பக்கம் வரும்போது எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள் என்பது நிபுணர்களுக்குத் தெரியாததா?

2008 நவம்பரில் பன்னாட்டு நிதியமான ஐ.எம்.எஃப்.பின் தலைவர் டொமினிக் ஸ்ட்ராஸ்கான் டுனிஸுக்குப் போனார். பென் அலி கையால் விருது வாங்கினார். மற்ற நாடுகள் பார்த்துப் படிக்க வேண்டிய பொருளாதாரம் என்று பாராட்டிவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கத் தூதர் பென் அலியின் மருமகன் வீட்டு விருந்துக்குப் போனார். அங்கே கூண்டில் ஒரு புலி. பாஷா என்று பெயர், நாளைக்கு நான்கு கோழி தின்னும். விருந்தில் பரிமாறிய உறைதயிர் பிரான்ஸின் சான் திரோப்பேயிலிருந்து விமானத்தில் வந்தது. தூதர் திரும்பி வந்து இதையெல்லாம் ரகசியமாக எழுதி அனுப்பினார், விக்கிலீக்ஸ் புண்ணியத்தில் ஊருக்கே தெரிந்தது. தூதருக்குத் தெரிந்தது, டுனிஸ் டாக்சிக்காரருக்குத் தெரிந்தது, கோழிக்கும் தெரிந்திருக்கும். நிபுணருக்குத் தெரியவில்லை. ஆறு அளவுகோலில் கோழிக்குக் கட்டம் இல்லையே!

2010 செப்டம்பரில் உலகப் பொருளாதார மன்றம் தன் தராசில் டுனிசியாவை நிறுத்தது. போட்டித்திறனில் உலகில் 32-ஆம் இடம், ஆப்பிரிக்காவில் முதலிடம். டிசம்பர் 17-ஆம் தேதி சிதி பூசித் என்ற சிற்றூரில் இன்னொரு தராசு. அது தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது புவாசிசியுடையது. நகராட்சிக்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். முறையிடப் போனார், கேட்க ஆள் இல்லை. ஆளுநர் அலுவலகத்தின் முன் தன்மீது தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4-இல் இறந்தார். 14-ஆம் தேதி பென் அலி குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டார். எந்தத் தராசு சரியாக நிறுத்தது என்று இனிமேல் யாரும் கருத்தரங்கு வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் வைத்தார்கள். 2014-இல் உலக வங்கியின் ஆய்வு வெளிவந்தது. பென் அலி குடும்பத்தோடு தொடர்புள்ள 220 நிறுவனங்கள், தனியார் துறை லாபத்தில் 21 சதவீதம் அவற்றின் பையில். தங்களுக்குப் போட்டி வராதபடி சட்டத்தையே வளைத்துக்கொண்டார்கள் என்று அட்டவணை போட்டு நிறுவினார்கள். நல்ல ஆய்வு, குறை சொல்ல மாட்டேன். பழைய பாராட்டுகளில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று வங்கி வேறோர் அறிக்கையில் ஒப்புக்கொள்ளவும் செய்தது. ஆனால் நேற்றுப் பெய்த மழைக்கு இன்று பஞ்சாங்கம் வாசிக்கும் தொழிலுக்கு இவ்வளவு சம்பளமா என்று சிதி பூசித்தில் ஒருவர் கேட்டால், பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

லிபியாவின் கதையில் சிரிப்பை அடக்குவது கஷ்டம். ஹார்வர்டின் மைக்கேல் போர்ட்டர், போட்டித்திறன் என்றால் உலகமே எழுந்து நிற்கும் பெயர். அவரும் சேர்ந்து நிறுவிய ஆலோசனை நிறுவனமான மானிட்டர் குரூப், மாதம் 2.5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஆட்சியாளர் கடாஃபியின் பெயரைத் துலக்கிக் கொடுத்தது. பேராசிரியர்களைத் திரிப்போலிக்கு அழைத்துப் போய் அவரோடு தத்துவம் பேச வைத்தது. மகன் சைஃப் அல்-இஸ்லாம் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பு என்ன தெரியுமா? உலக ஆளுகை அமைப்புகளை ஜனநாயகப்படுத்துவதில் குடிமைச் சமூகத்தின் பங்கு! பட்டத்துக்குப் பின்னால் அவருடைய அறக்கட்டளை பள்ளிக்கு 15 லட்சம் பவுண்டு தருவதாக வாக்களித்தது. 2011 பிப்ரவரியில் ஐ.எம்.எஃப். செயற்குழு லிபியாவின் சீர்திருத்த வேகத்தை மெச்சியது. அதே மாதம் பெங்காசியில் துப்பாக்கி வெடித்தது. குடிமைச் சமூக முனைவர் டிவியில் தோன்றி, விரலை ஆட்டி ஆட்டி, ரத்த ஆறு ஓடும் என்று மிரட்டினார். மார்ச்சில் பள்ளியின் இயக்குநர் பதவி விலகினார். போட்டித்திறன் சொல்லிக்கொடுத்த மானிட்டர் குரூப் மறு ஆண்டு நவம்பரில் திவாலானது.

கெய்ரோவுக்கு வருவோம். எகிப்தியர் ரொட்டியை 'ஐஷ்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்று பொருள். மானிய ரொட்டி ஒன்று 2024 வரை ஐந்து பியாஸ்டராக இருந்தது, அதாவது ஒரு பவுண்டுக்கு இருபது. 1977 ஜனவரியில் ஐ.எம்.எஃப். சொல் கேட்டு மானியங்களில் கை வைத்தார் அதிபர் சதாத். இரண்டே நாளில் ஊர் எரிந்தது, எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு வந்த ஆட்சியாளர்களுக்கு விலையைத் தொடப் பயம். நிபுணரின் மேசையிலோ 'மானியச் சீர்திருத்தம்' தூசி தட்டிக் காத்திருக்கிறது. விலையைத் தொடாமல் ரொட்டியைத் தொட்டார்கள். 130 கிராம் 110 ஆனது, 2020 ஆகஸ்டில் 90 ஆனது. காலையில் தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போகும் ரொட்டிக்காரன் முதல் வரிசையில் நிற்கும் கிழவி வரை எல்லாருக்கும் கையில் தெரிந்த கணக்கு இது. 2024 ஜூன் 1 முதல் விலையும் நான்கு மடங்கானது, இருபது பியாஸ்டர். அதற்கு மூன்று மாதம் முன்புதான் பவுண்டை மிதக்கவிட்டு, ஐ.எம்.எஃப். கடனை 300 கோடி டாலரிலிருந்து 800 கோடியாக உயர்த்திக்கொண்டார்கள். பாலைவனத்தில் புதிய தலைநகரம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் எடையை யாரும் இருபது கிராம் குறைக்கவில்லை.

இந்த மாதிரிக் கேள்வியை ஒருவர் முன்பே கேட்டார். அப்துல் காலிக் ஃபாரூக், எகிப்தியப் பொருளாதார அறிஞர். நாம் ஏழைகள் என்று அதிபர் சிசி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, 'எகிப்து உண்மையிலேயே ஏழை நாடா?' என்று தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். 2018 அக்டோபரில் போலீஸ் வந்தது, புத்தகப் பிரதிகளையும் அள்ளிக்கொண்டு போனது. பதிப்பித்தவரையும் பிடித்தார்கள். விட்டார்கள். 2024 அக்டோபரில் மறுபடி பிடித்தார்கள், இந்த முறை ஐந்து ஆண்டு. அவருடைய துறையும் ஆட்சிமுறையும் சீர்திருத்தமும்தான். அரபு தெரியும் என்பதுதான் தகுதிக்குறைவு.

பெய்ரூட்டில் ரியாத் சலாமே 1993 முதல் 2023 வரை மத்திய வங்கியின் தலைவர். வங்கிப் பத்திரிகைகள் சிறந்த ஆளுநர் என்று மாலை போட்டுக்கொண்டே இருந்தன. புது முதலீட்டை வாங்கிப் பழைய வட்டி கட்டும் வித்தைக்கு 'நிதிப் பொறியியல்' என்று பெயர் வைத்திருந்தார். நம் ஊரில் சீட்டுக்கம்பெனிக்காரர் அதைச் செய்தால் போஸ்டர் ஒட்டித் தேடுவார்கள். 2018-இல் உதவி தருவோர் பாரிஸில் கூடி லெபனானுக்கு 1,100 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள், சீர்திருத்தம் செய்தால். மறு ஆண்டே எல்லாம் சரிந்தது. 2022-இல் ஒரு பெண் பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் நுழைந்து தன் சொந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டு போனார், தங்கையின் புற்றுநோய்ச் செலவுக்கு. அதே வருஷம் உலக வங்கி அந்த வித்தைக்குச் சரியான பெயரைச் சொன்னது: பொன்ஸி.

உண்மை தெரிந்தும் வாய் திறக்காதது ஒரு வகை. எண்ணையே மாற்றியது இன்னொரு வகை. தொழில் நடத்த எளிதான நாடுகளின் பட்டியலை உலக வங்கி வருஷாவருஷம் வெளியிட்டு வந்தது. 2020 பதிப்பில் அதிகம் முன்னேறிய நாடு சவூதி. பிறகு தோண்டிப் பார்த்தால் சவூதியின் எண்களில் கை வைத்திருக்கிறார்கள். முன்னேற்றப் பட்டியலின் உச்சியில் இருந்திருக்க வேண்டியது ஜோர்டான். 2021 செப்டம்பரில் பட்டியலுக்கே மூடுவிழா. 'ஊழல் கட்டுப்பாடு' அளவுகோல் இருக்கும் அதே கட்டடத்தில்தான் இது நடந்தது.

ரியாதில் எஸ்ஸாம் அல்-சாமில் என்றொரு பொருளாதார அறிஞர். அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் மதிப்பு 2 லட்சம் கோடி டாலர் என்று இளவரசர் முகமது பின் சல்மான் சொன்னபோது, மண்ணுக்குள் கிடக்கும் எண்ணெயையும் சேர்த்து விற்றால்தான் அந்தக் கணக்கு வரும் என்றார். கணக்குப் பாடம்தான். 2017 செப்டம்பரில் கைது. அடுத்த மாதமே ரியாத் ரிட்ஸ்-கார்ல்டனில் உலக முதலீட்டாளர் மாநாடு. நிபுணர்கள் பேட்ஜ் குத்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள். நவம்பரில் அதே ஓட்டலையே இளவரசர்களுக்குச் சிறையாக்கினார்கள், சீர்திருத்தமாம். 2019 டிசம்பரில் அராம்கோ பங்குகள் 1.7 லட்சம் கோடி டாலர் மதிப்பில்தான் விலைபோயின. வெளியீட்டு விலையாவது சாமிலின் பக்கம் நின்றது. மறு ஆண்டு அவருக்கு 15 ஆண்டு தண்டனை.

ஒரே கணக்கை ஊர்க்காரர் முன்னால் சொன்னால் விலங்கு மாட்டுகிறார்கள். வெளியூர்க்காரர் பத்து வருஷம் கழித்துச் சொன்னால் பதவி உயர்வு கிடைக்கிறது. பந்திக்கு முந்தவும் உண்மைக்குப் பிந்தவும் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் பென்ஷன் வாங்குகிறான்.

டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் புலத்தின் டீனாக இருந்தவர் ஆரிஃப் தலீலா. சிரிய அதிபர் அசாதின் மாமன் மகன் ராமி மக்லூஃப் கைக்குக் கைபேசி உரிமம் போன காலம் அது. ஏகபோகத்தையும் ஊழலையும் பற்றி மேடையில் பேசினார். 2001 செப்டம்பரில் பிடித்தார்கள், பத்து ஆண்டு கொடுத்தார்கள், தனிக்கொட்டடியில் போட்டார்கள். 2008 பிப்ரவரியில் அமெரிக்கக் கருவூலம் ஊழலுக்காக மக்லூஃப் மீது தடை விதித்தது. அன்றும் தலீலா உள்ளேதான் இருந்தார், ஆகஸ்டில்தான் வெளியே விட்டார்கள். 2020-இல் அசாதே மச்சானிடமிருந்து அந்தக் கைபேசி நிறுவனத்தைப் பிடுங்கிக்கொண்டார். 2024 டிசம்பரில் அசாதும் ஓடிப்போனார்.

2025-இல் உலக வங்கிக்கு சிரியா பாக்கி வைத்திருந்த ஒன்றரைக் கோடி டாலர் சொச்சத்தைச் சவூதியும் கத்தாரும் கட்டி முடித்தன. கதவு திறந்தாயிற்று. நிபுணர் டமாஸ்கஸுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். சிரியாவில் ஏகபோகம் எப்படி வளர்ந்தது என்று புதிதாக ஓர் ஆய்வு தொடங்க வேண்டுமாம், மூன்று ஆண்டு ஆகுமாம். தலீலா 2001-இல் பேசிய பேச்சை வாங்கிப் படித்தால் ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது அரபியில் இருக்கிறது.