பழைய ரோட் பைக்கின் விலை நிர்ணயம்: பினாங்குத் துரு மரபை முன்வைத்து

ஓடித் தேய்ந்த ரோட் பைக்கின் நியாய விலையாவது, அதே மாடல் நல்ல நிலையில் போகும் விலையிலிருந்து, வாங்கியதும் மாற்றவேண்டிய உதிரிகளின் விலையைக் கழித்தது. இந்த ஒரு வரியோடு துறையே முடிந்துவிடும் என்பதால் அறிஞர்கள் இதை ஏற்பதில்லை.

ஆய்வுக் களம் ஜார்ஜ் டவுன், லோரோங் குலிட் காலைச் சந்தை. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஊர் இது. ஆகவே எந்தப் பழம்பொருளுக்கும் விற்பவர் மரபுரிமை விலை சொல்வது இயல்பு. 2012இல் எர்னஸ்ட் ஸக்கரெவிச் வரைந்த ஓவியத்தோடு லெபோ ஆர்மேனியன் சுவரில் பொருத்தப்பட்ட சைக்கிள் ஆய்வில் சேராது. அது ஓடாது, ஆனாலும் அதன் முன் வரிசை நிற்கிறது. ஓட்டத்துக்கும் மதிப்புக்கும் தொடர்பில்லை என்ற கருதுகோளுக்கு அது ஒன்றே போதிய சான்று.

சீட்: மாற்றிக்கொள்ளலாம்.

டயர்: பக்கவாட்டில் வெடிப்பு கண்டால் புது டயர் விலையைக் கழிக்க.

ரிம்: பிரேக் கட்டை உரசும் தடம் விரலுக்குக் குழிவாகப் பட்டால் சக்கரத்தையே கழிக்க.

செயின்: ஓர் ஆணியின் மையத்தில் அளவுகோலின் தொடக்கத்தை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலத்தில் இன்னோர் ஆணி சரியாக நிற்கும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் போயிற்று; 1/8 என்றால் பின்பல் சக்கரங்களும் போயின. அரை நிமிட வேலை. கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாததால் இதைப் பற்றி யாரும் பட்டம் வாங்கியதில்லை.

துரு நால்வகைப்படும்: கரைத்துரு, மழைத்துரு, வியர்வைத்துரு, வீட்டுத்துரு. கரைத்துரு, பெங்காலான் வெல்ட் பக்கம் நிறுத்திய வண்டிகளின் போல்ட் தலைகளில் உப்புக்காற்றால் புள்ளி புள்ளியாகப் பிடிப்பது. மழைத்துரு, செப்டம்பர் அக்டோபர் மழையில் நனைந்து துடைக்காமல் விட்ட செயினில் ஒரே இரவில் பூப்பது. எண்ணெய்த் துணிக்குப் போய்விடுவதால் ஆய்வு மதிப்புக் குறைவு. வியர்வைத்துரு, ஹேண்டில் டேப்புக்கு அடியில் அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக அரிப்பது. இரும்பல்லாததில் வருவதைத் துரு எனலாமா என்பது தனி ஆய்வு. "அதிகம் ஓட்டலண்ணே, வீட்டுக்குள்ளதான் கிடந்துச்சு" என்று விற்பவர் சொல்கையில் ஸ்பானர் வைக்கும் இடமெல்லாம் சிவந்திருக்கும் முரணை விளக்க வகுக்கப்பட்டதே வீட்டுத்துரு.

வீட்டுத்துருவின் தோற்றம் குறித்து இரு கொள்கைகள் உள. அப்படி விற்கவந்த வண்டி தினமும் பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கடல் கடந்தது என்பர் படகுக் கொள்கையினர். சான்று, பேச்சா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுநர் ஒருவரின் வாய்மொழி. பாலிக் பூலாவ் ஏற்றத்தில் சிந்திய வியர்வை என்பர் மலைக் கொள்கையினர். சான்று, கோப்பிக்கடை ரசீதொன்றின் பின்பக்கக் குறிப்பு, இடது மூலை, மீன்கறிக் கறைக்கு மேல். ரசீதின் முன்பக்கத்தில் 'தே தாரேக் இரண்டு' என்றிருப்பதால் எழுதியவர் தனியாக இல்லை. ஆகவே குறிப்பு இடைச்செருகல் என்று படகுக் கொள்கையினர் மறுத்தனர். இடைச்செருகல் எனில் மூலபாடம் கறைக்கு அடியில் இருக்கவேண்டும் என்றனர் மூன்றாம் சாரார். கறையோடே பதிப்பிக்கவேண்டும், கறையும் பாடமே என்றனர் நான்காம் சாரார். செம்பதிப்பு வெளிவர இருக்கிறது. நாற்சாராரும் வண்டியை இன்னும் பார்க்கவில்லை. நூலைத் திறக்காமல் அதன் காலத்தை நிறுவும் வழக்கம் மூத்த துறைகளிலும் உண்டு என்பதால் இதைக் குறையாகக் கொள்ளலாகாது.

அரிப்பு விலையை உண்மையில் அடிப்பது சீட் கம்பத்தில். பல ஆண்டு அசைக்காத அலுமினியக் கம்பம் வியர்வை உப்பில் பிரேமோடு இறுகிவிடும். போல்ட்டைத் தளர்த்தித் திருகிப் பார்க்கவேண்டும். அசையாவிட்டால் அந்த வண்டி விற்பவரின் கால் நீளம் உள்ளவருக்கு மட்டுமே உரியது. நீளம் ஒத்துப்போனால் விலை குறைக்கத் தேவையில்லை என்றொரு வாதமும் உண்டு. அதை வைப்பவர்கள் எல்லாரும் விற்பவர்களே.

கார்பன் பிரேம்: பெயிண்ட் கீறலா, உள்வெடிப்பா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாமல் போகலாம். விழுந்த வண்டி என்ற ஐயம் எழுந்தால் பேரம் கிடையாது, விலகல்தான்.

பெடல்: பெரும்பாலும் விலையில் சேராது, விற்பவர் கழற்றிக்கொள்வார். இடது பெடலின் மறை எதிர்த்திசையில் சுழலும் என்பதை மறந்து அவர் அதை மேலும் இறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னும் பத்து வெள்ளி குறைத்துக் கேட்கலாம்.