இனிச் சில்லறை வேலைதான்

வலிகாமத்தில் எந்த ஊர் ஒழுங்கைக்குள் போனாலும் ஓர் ஒஸ்ரின் அண்ணை இருப்பார். கண்டுபிடிப்பது லேசு. வளவுக்குள்ளே மாமரத்தடியில் ஒரு கொட்டில் போட்டிருக்கும். அதற்குக் கீழே நாலு சில்லும் கழன்று, சீமெந்துக் கல்லில் ஏறி நிற்கும் ஒரு பிக்கப். வீட்டு ஓடு உடைந்து மழை ஒழுகினால் வாளி வைத்துச் சமாளிக்கலாம் என்பது அண்ணையின் கொள்கை. கொட்டிலுக்குக் கிடுகு மாற்றுவதில் மட்டும் ஒரு வருசமும் பிந்தமாட்டார்.

அண்ணைக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கந்தோரிலோ பள்ளிக்கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருந்து ஓய்வூதியம் எடுத்தவர். மடித்துக் கட்டின சாரம், கையில்லாத பெனியன், தோளில் கிறீஸ் துடைக்கிற துணி. அந்தத் துணி ஒருகாலம் அண்ணையின் மனுசியான அக்காவின் நல்ல சேலையாக இருந்தது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப்பற்றி வீட்டில் கதைப்பதில்லை.

வண்டி 1950களின் தொடக்கத்தில் பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்த ஒஸ்ரின் ஏ-40. எஞ்சின் 1200 சி.சி., வலு 40 குதிரை. பெயரில் இருக்கிற 40 அந்தக் குதிரைக் கணக்குத்தான் என்று படலைக்குள் கால்வைக்கிற எல்லோருக்கும் சொல்லுவார், தபால்காரர் உட்பட. அதில் இப்போது எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று கேட்டால் அன்றைக்குத் தேத்தண்ணி கிடைக்காது.

இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது 1957இல். அதற்கு முதலே பதிந்த வண்டி இது. தமிழரசுக் கட்சிக்காரர் ஸ்ரீக்கு எதிராகத் தார்வாளியோடு இறங்கின கதையை அண்ணை தகப்பனிடம் கேட்டு வளர்ந்தவர். "எங்கட வண்டி அந்தச் சண்டைக்கு மூத்தது, தம்பி. உதுக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது" என்பார். தெரிந்திருந்தால் அவர் ஏசுகிற ஏச்சுக்கு எப்பவோ கோபித்துக்கொண்டு போயிருக்கும்.

எப்ப முடியும் அண்ணை என்று கேட்டால் மறுமொழி ஒன்றுதான்: "முடிஞ்ச மாதிரித்தான். இனிச் சில்லறை வேலைதான்." இந்தச் சில்லறையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். எஞ்சின் விறாந்தையில் பலகை மேசைக்கு மேல். கியர்ப்பெட்டி சுன்னாகத்தில் ஒரு லேத் பட்டறையில். வலப்பக்கக் கதவு மருதனார்மடத்தில் ரிங்கர் வேலைக்காரரிடம். அந்த மனுசன் கதவை வாங்கிவைத்த கையோடு மகளிடம் பிரான்சுக்குப் போய்விட்டார். சீற்று கட்டிலுக்குக் கீழே. காபரேட்டர் சாமியறையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், தூசி படாத இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்பதால். மிச்ச நட்டு, போல்ற், வாசர் எல்லாம் நெஸ்டமோல்ட் பேணிகளில். எந்தப் பேணியில் என்ன கிடக்கிறது என்று வெளியே எழுதி ஒட்டியிருக்கிறார். உள்ளே கிடப்பது வேறு.

வேலை ஏன் இழுபடுகிறது என்று விளங்க ஒரு பின்னேரம் அங்கே இருந்து பார்க்கவேண்டும். நாலரை மணிக்குக் கதிரைகள் வெளியே வரும். இளைப்பாறிய இ.போ.ச. சாரதி ஒருவர், வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர், எதிலும் பட்டுக்கொள்ளாத ஒரு வாத்தியார். அன்றைய அலுவல் பின் சில்லுப் பக்கம் இறுகிப்போன ஒரு நட்டு. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளுக்கு விற்வேத் அளவு ஸ்பனர் வேண்டும். அண்ணையிடம் ஒரு செற் முழுதாக இருக்கிறது, எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி. ஆனால் எழுபது வருசத்தில் இந்த வண்டியில் கைவைத்த ஒவ்வொரு பாஸும் தன் கையில் அகப்பட்டதைப் போட்டு இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஒரே தகட்டில் ஒரு நட்டு இங்கிலாந்து, அடுத்தது ஜப்பான், மூன்றாவது தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பிலிருந்து வந்தது. தோட்டக்காரர் அதை உடனே அடையாளம் கண்டு, தன் சொந்தக்காரனைக் கண்டமாதிரிச் சந்தோசப்பட்டார்.

நட்டுக்கு முதல்நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாயிற்று. சூடு காட்டவேண்டும் என்கிறார் சாரதி. தட்டவேண்டும் என்கிறார் தோட்டக்காரர். ஸ்பனரில் குழாய் செருகி நீட்டினால் பிடி கூடும் என்று வாத்தியார் ஆக்கிமிடிசை இழுக்கிறார். அண்ணை மூன்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சுத்தியலால் நட்டின் ஆறு பக்கமும் சிணுங்குகிற மாதிரி ஒரு சுற்றுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு இன்னும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டார். "கறள் குடிக்கிற வரைக்கும் விடவேணும். அவசரப்பட்டால் தலை முறிஞ்சிடும்." அவ்வளவுதான் அன்றைய வேலை. தேத்தண்ணி வந்தது. எல்லோருக்கும் திருப்தி.

இந்தப் பொறுமை சும்மா வந்ததல்ல. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு குடாநாட்டுக்குள் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, லக்சபான மின்சாரமும் இல்லை. ஆனாலும் வண்டிகள் ஓடின. கொஞ்சம் பெற்றோல் காட்டி உசுப்பிவிட்டு, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புது எஞ்சின் என்றால் இந்த வைத்தியத்துக்கு இடித்து இடித்தே செத்திருக்கும். அழுத்தம் குறைந்த பழைய ஒஸ்ரினும் மொறிசும் தாங்கிக்கொண்டன. தாங்கினது என்றால் சும்மாவல்ல: பிளக் கரிபிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பெயாரிங் தேயும். திருத்தத் தெரியாதவன் நடந்துதான் போகவேண்டும். இதையே ஹவானாவில் செய்தவர்களை, அமெரிக்கத் தடைக்குள்ளே ஐம்பதுகளின் கார்களை ஓட்டுகிறவர்களை, உலகம் போய்ப் படமெடுத்துப் புத்தகம் போடுகிறது. எங்கள் ஆட்கள் மண்ணெண்ணெய்ப் புகையில் கண்ணெரிந்ததுதான் மிச்சம். படமெடுக்கப் பிலிமும் இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இந்தப் பிக்கப்பும் போனது. ஏறினவர்களின் தொகை ஒவ்வொருமுறை சொல்லும்போதும் கூடும். கூடாதது ஒன்று: "நாவற்குழிப் பாலம் கடந்து கைதடி மட்டும் முதல் கியரிலதான் தம்பி. ஒருக்கா எண்டாலும் நிக்கேல்லை." இதைச் சொல்லும்போது மட்டும் கையில் ஸ்பனர் இருக்காது.

அப்படி வளர்ந்த மனுசனுக்கு மூடி திறக்கமுடியாத சாமான் ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. மருமகன் வாங்கின ஹைபிரிட் காரின் பொனற்றைத் திறந்து பார்த்தார். கறுப்புப் பிளாஸ்ரிக் மூடி ஒன்று தெரிந்தது. பிரேதப் பெட்டியைப் பார்க்கிறமாதிரி ஒரு நிமிசம் நின்றுவிட்டு, "பாவம்" என்று சொல்லி மூடிவிட்டார். 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, பழைய ஜப்பான் கார்கள்கூடக் காணி விலைக்குப் போனபோது அவருடைய நடையே மாறிப்போனது. ஊர் முழுக்க முட்டாள் என்று சொன்ன மனுசன் இரவோடு இரவாகத் தீர்க்கதரிசி.

2022இல் கியூ.ஆர். முறை வந்தது. வண்டி இலக்கமும் செசி இலக்கமும் கொடுத்தால் கிழமைக்கு இவ்வளவு பெற்றோல் என்று பங்கு. ஒஸ்ரினுக்கும் எடுத்தார். பதிவுப் புத்தகத்தில் இருக்கிற வண்டிதானே. கானில் அடிக்கமாட்டோம், வண்டியைக் கொண்டுவாங்கோ என்றார்கள் எரிபொருள் நிலையத்தில். வண்டி கல்லில் நின்றது. அண்ணை அந்தக் கியூ.ஆர். தாளை லமினேற் பண்ணி முன்கண்ணாடியில் ஒட்டிவைத்தார். இண்டைக்கும் இருக்கிறது. அரசாங்கம் தன் வண்டியை வண்டி என்று ஒப்புக்கொண்டதற்கு அது அத்தாட்சி.

இரண்டு ஒழுங்கை தள்ளி மொறிஸ் மைனர்காரர் ஒருவர் இருக்கிறார். இருவருக்கும் ஆகாது. மைனருக்குச் சாமான் லேசாகக் கிடைக்கும். அதன் பாகங்களை இலங்கையிலேயே செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி பண்ணின காலமும் இருந்தது. ஏ-40 பிக்கப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லோங்பிரிட்ஜில் அந்தப் பரம்பரையின் கடைசிக் கொம்பனியும் 2005இல் படுத்துவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் நாள் முழுக்க அலைந்தால் ஒரு ரப்பர் கிடைக்கும். இல்லாவிட்டால் லண்டன் மச்சான் சொக்லேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் ஹெட் காஸ்கெற் ஒன்றை வைத்துக்கொண்டு வரவேண்டும். அதற்காக அண்ணை தோற்றுப்போவாரா? "மைனர் ஓடுறது கடையால. ஏ-40 ஓடுறது மூளையால."

அக்காவின் நிலைப்பாடு தெளிவானது. "உந்தக் கறளுக்குக் கொட்டின காசுக்கு இன்னொரு அறை இறக்கியிருக்கலாம்" என்று வாரத்துக்கு ஒருதரம் சொல்லுவா. ஆனால் வெளியாள் யாராவது பழைய இரும்புக்குக் குடுப்பீங்களோ என்று கேட்டு வந்தால் அந்த மனுசன் படலை தாண்டும்வரை அக்காவின் வாய் ஓயாது. இழுவை வண்டிக்காரன் ஒருவன் இப்போது அந்த ஒழுங்கைக்கே வருவதில்லை.

வயறிங் வேலைக்கு ஒரு பொடியனைப் பிடித்தார்கள். முச்சக்கரவண்டி, மோட்டார்சைக்கிள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கெட்டிக்காரன். பற்றறியைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணை, ஆரோ மாறிக் குடுத்திருக்கினம்" என்று வயரை மாற்றக் கை வைத்தான். அந்தக் கையைப் பிடித்த வேகத்தில் அண்ணைக்கு இருபது வயது குறைந்தது. அந்தக் காலத்து ஒஸ்ரினுக்குப் பற்றறியின் பொசிற்றிவ்தான் உடம்போடு சேரும், இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறு. மாற்றிக் கொடுத்தால் டைனமோவும் கட்-அவுட்டும் பொசுங்கும். இதை அவர் லூக்காஸ் கொம்பனியின் வரலாற்றிலிருந்து தொடங்கி விளக்கி முடிக்க இருட்டிவிட்டது. நாளைக்கு வாறன் என்று போன பொடியன் இன்னும் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணையே வயர் இழுத்தார்.

போன தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒருநாள் அது நடந்தது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் உள்ளே ஏறி, கதவு ஒன்று இல்லாமலே, வண்டி சில்லில் நின்றது. சாரதி, தோட்டக்காரர், வாத்தியார், ஒழுங்கைப் பிள்ளைகள், ரொறன்ரோவிலிருந்து வீடியோ அழைப்பில் மகள். அண்ணை முன்னுக்குப் போய்க் கைபிடியைச் செருகினார். முதல் சுற்று, மூச்சு. அடுத்த சுற்று, ஒரு தும்மல், நாலு கோழி மதிலுக்கு மேலே. மூன்றாவதுக்கு எஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை மாமரம் முழுக்கப் பரவி, பிறகு தெளிந்து, தையல் மெசின்போல் ஓடியது. அக்கா குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வந்து நின்றா. பிள்ளைகள் கைதட்டினார்கள். "அப்பா, முடிஞ்சுது!" என்று ரொறன்ரோ கத்தியது.

அண்ணையின் முகத்தைப் பார்த்தால் ஏதோ களவு போனமாதிரி இருந்தது. குனிந்து, ஸ்குறூட்றைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்தார்.

"ஒரு சத்தம் கேக்குதே?"

யாருக்கும் கேட்கவில்லை. வாத்தியார் இல்லை என்றார். தோட்டக்காரர் இல்லை என்றார். சாரதி மட்டும் கொஞ்சநேரம் கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சரித்துக் கேட்டார்.

"ஓம் அண்ணை. மூண்டாம் சிலிண்டர்ப் பக்கம் மெல்லிசா ஒண்டு இருக்கிற மாதிரித்தான் கிடக்கு."

அடுத்தநாள் விடியத் தேத்தண்ணிக்கு முதலே ஹெட் கழன்று விறாந்தை மேசைக்கு வந்துவிட்டது. அண்ணை பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு புதுப் பேணி தேடினார். பின்னேரம் சாரதி வழமையைவிட முந்தி வந்து, தன் கதிரையை நல்ல நிழலாகப் பார்த்து இழுத்துப் போட்டுக்கொண்டார்.