கார்டுல எடம் மீதியிருக்குதா கண்ணு?

வா கண்ணு, உக்காரு. நீ குடுத்த கார்டைத்தான் படிச்சுட்டிருக்கறன். முன்பக்கம் மரச்செக்கு எண்ணெய், நாட்டுக்கோழிப் பண்ணை. பின்பக்கம் பனியன் பிரிண்டிங், டிராவல்ஸ். மடிப்பு வெச்சு அடிச்சிருந்தா இன்னும் ரெண்டைச் சேத்தியிருக்கலாம். கடை தொறந்த வருசத்துலயே இத்தனைன்னா டாட்டாவுக்கே வெசனம் வந்துரும்.

எண்ணெய்க்கு ஆள் வந்தா நீ கோழிக்கு மருந்து குடுக்கப் போயிருப்ப. கோழிக்கு யாவாரி வந்தா ஏர்போர்ட் சவாரியில இருப்ப. கடன்காரன் மட்டும் எந்த வாசல்ல வந்தாலும் உன்னையப் புடிச்சுக்குவான். எண்ணெய் வித்த காசு தீவனத்துக்குப் போகுது, கோழி வித்த காசு வண்டி டியூவுக்குப் போகுது. எதுலடா லாபம்னா, "எல்லாம் ரொட்டேஷன்ல இருக்குதுங்க அப்புச்சி"ங்கற. நல்லா இருக்கட்டும்.

கடைக்கொரு பேரு வெச்சுட்டா ஜிஎஸ்டி வராதுன்னு எவனோ சொன்னானாமா? போர்டு நாலு, பான் கார்டு ஒண்ணுதான? அதுல வர்ற வரவையெல்லாம் கூட்டித்தான் பாப்பாங்க. வெறுஞ்சரக்கு வித்திருந்தா வருசம் 40 லட்சம் வரைக்கும் பதிவு கேக்க மாட்டாங்க. டிராவல்ஸைச் சேத்துட்டயில்ல, இனி 20தான். பாதியை நீயே வெட்டிக்கிட்ட.

அவரும் ஒண்ணுக்கு மேல தொழில் பண்ணலையான்னு ஆரோக்யா பால்காரரைக் காட்டுவ, தெரியும். அந்தச் சந்திரமோகன் 1970ல 13,000 ரூவாயோட மெட்ராஸ் ராயபுரத்துல ஐஸ் போட ஆரம்பிச்சவரு. பெரிய கம்பெனிக்காரங்க எட்டிப் பாக்காத சின்ன ஊருகளுக்கெல்லாம் அருண் ஐஸ்க்ரீமைக் கொண்டு போனாரு. பாலுக்கு வந்தது தொண்ணூறுகள்லதான். அதுவும் ஐஸுக்குப் பக்கத்து வூட்டுச் சங்கதி. நீ அவரு கதையில கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சு வெச்சிருக்கற.

ரெண்டாந்தொழில் கூடாதுன்னு சொல்றனா? ஏறக்கொறைய ரெண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டுனா ஒரு லிட்டரு எண்ணெய். மிச்சமெல்லாம் புண்ணாக்கு. அதை மூட்டை கட்டிப் பூசணம் புடிக்க வுட்டுட்டு, பனியனுக்குச் சாயம் தேடி திருப்பூர் போற. மாட்டுக்காரங்க உன்ற வூட்டைத் தாண்டித்தான் புண்ணாக்கு வாங்கப் போறாங்க. உன்ற செக்கு ஏற்கெனவே ரெண்டு தொழில் பண்ணுது, மொதலாளிக்குத்தான் தெரியலை.

செரி, அந்த வண்டி சும்மாதான நிக்குது? ஞாயித்துக்கெழமை அம்மாயியப் பழனிக்குக் கூட்டிட்டுப் போகோணும். வாடகை கீடகைன்னு வாயைத் தொறந்துறாத, ரொட்டேஷன்ல வெச்சுக்கலாம்.