முடிச்சு எங்கே இருக்கிறது?

கேள்வி: திட்டம் வெற்றி பெற முக்கியக் காரணிகள் என்று எங்கள் அலுவலகத்தில் நாற்பது எழுதி மாட்டியிருக்கிறார்கள். சரிதானா?

பதில்: நாற்பதும் முக்கியம் என்றால் அது மளிகைச் சீட்டு! ‘மற்றதெல்லாம் இருந்தும், எது இல்லாவிட்டால் வேலை நிற்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள், சீட்டு சுருங்கிவிடும். உதாரணமாக, 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் கடலுக்குள் போயின. சீரமைக்க முதலில் வைத்த கெடு 6 மாதம். ஆளும் பணமும் வந்துவிடும். புது உத்திரம் செய்து வரத்தான் நாளாகும். முடிச்சு அங்கேதான். மூழ்கிக் கிடந்த உத்திரங்களையே கடலிலிருந்து தூக்கியெடுத்துப் பொருத்தியது ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனின் குழு; 46 நாளில் பாலம் தயார்.

‘அவரைப் போல ஆள் வேண்டுமே’ என்பீர்கள். வேண்டும்தான், ஆனால் அவரையே நாற்பது வேலைக்கும் பிய்த்துக் கொடுத்திருந்தால் 6 மாதமும் போதாது. ‘ஜெயித்த பிறகு காரணம் சொல்வது சுலபம்’ என்பதும் நியாயமே. அதனால்தான் ‘எது இல்லாவிட்டால் வேலை நிற்கும்?’ என்ற கேள்வியைத் திறப்பு விழாவில் அல்ல, பூமி பூஜைக்கு முன்பே கேட்கவேண்டும். முடிச்சு அவிழ்ந்ததும் அடுத்தது எங்கே என்று மறுபடி தேடவேண்டும். சுவரில் மாட்டிய பட்டியல் அதைச் செய்யாது. ஆணி அடித்த இடத்திலேயே நிற்கும்!