24 ஃப்ரேம் ஆசாமி

கல்யாணப் பந்தியில் இலை போட்டு எல்லாரும் சாப்பிட ஆரம்பித்த பிறகும், சாம்பார் வாளியோடு வருகிறவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர்தான் ஆர்ட்டிஸ்ட். பசி இல்லை என்று நினைக்க வேண்டாம். கரண்டியை வாளிக்குள் விடுவதற்கு முன்னால் பரிமாறுகிறவர் தோளை ஒரு இம்மி பின்னால் இழுக்கிறார் அல்லவா, அதைப் பார்க்கிறார். “பார்த்தீங்களா, ஆன்டிசிபேஷன்!” என்பார் பக்கத்து இலைக்காரரிடம். அவர் அது ஏதோ புது ஐட்டம் போலிருக்கிறது என்று இலையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைப்பார்.

டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் சேர்ந்து 1981இல் ‘தி இல்யூஷன் ஆஃப் லைஃப்’ என்று ஒரு தலையணைப் புத்தகம் எழுதினார்கள். வரைந்த பொம்மைக்கு உயிர் வரவழைக்க 12 விதிகள் அதில் இருக்கின்றன. ஆர்ட்டிஸ்ட் அந்த 12ஐயும் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் பரிசோதனை செய்கிறவர். நாகஸ்வரக்காரர் கன்னம் உப்பினால் அது ஸ்குவாஷ் அண்ட் ஸ்ட்ரெச். பெரியப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று வாசல் வரை போய்ச் சட்டென்று நிற்கிறார். அவர் நின்ற பிறகும் அங்கவஸ்திரம் மட்டும் முன்னால் போய்விட்டுத் திரும்பி வருகிறது. அது ஃபாலோ த்ரூ. பெரியப்பாவுக்கு என்ன கோபம் என்று கேளுங்கள், தெரியாது. அங்கவஸ்திரம் எத்தனை ஃப்ரேமில் அடங்கியது என்று கேளுங்கள், உடனே சொல்வார்.

வீட்டில் அவர் மேசையைப் பார்க்க வேண்டும். நடுவில் சதுரமாக வெட்டிக் கண்ணாடி பதித்து, அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டியிருப்பார். தாள் மேல் தாள் வைத்தால் கீழே உள்ள கோடு மேலே தெரியும். முந்தைய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வருகிறதை வரைய அதுதான் வழி. எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அழகு பார்க்க அல்ல. பழைய அனிமேட்டர்கள் எல்லாருடைய மேசையிலும் அது உண்டு. பாத்திரம் எப்படி முறைக்க வேண்டுமோ அப்படித் தாங்களே முறைத்துப் பார்த்து வரைவார்கள். நம்மவரும் அப்படித்தான். பல்லை இளித்து, மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் போடுகிறவர் உள்ளே வந்துவிட்டால், “ஒண்ணுமில்லப்பா, தம்பி வேலை பார்க்குது” என்று அம்மா விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு குட்டிப் பூனையை வரைந்து வைத்திருக்கிறார். கட்டை விரலால் சர்ரென்று விட்டால் பூனை ஓடும். நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் வருஷம் முழுக்கச் சேர்த்தால் 15 நொடிப் படம். பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் எழுந்து ராகுகாலம் பார்த்துவிட்டு, தினம் ஒரு ஃப்ரேமைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்.

அடுத்தது ஆசிய மோகம். எங்கே ஆரம்பித்தது என்றால் ஜப்பானிய இயக்குநர் குரோசவா என்பார். உண்மையில் சுட்டி டிவி. 2007இல் அது வந்தபோது இவர் பள்ளிக்கூடப் பையன். யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் உட்கார்ந்து, தமிழ் பேசிய ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ் பார்த்ததில் பிடித்த பித்து. அது அமெரிக்கக் கார்ட்டூன் என்று யாராவது எடுத்துச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்றைக்குப் பால் சேர்க்காத பச்சைத் தேநீர்தான் குடிக்கிறார். “பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு” என்பது அம்மாவின் தீர்ப்பு. ஜப்பானில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள், தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று அவர் கண்கள் பளபளக்க விவரிக்கும்போது அம்மா வாயைத் திறப்பதில்லை. வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பையும், மகன் அடம்பிடித்து வாங்கிய டைனிங் டேபிளையும் ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு நாள் ஊறுகாய் ஜாடி உடைந்தது. ஆர்ட்டிஸ்ட் துள்ளிக் குதித்து, “தூக்கிப் போடாதீங்கம்மா! ஜப்பான்ல உடைஞ்ச பீங்கானை அரக்கு வச்சு ஒட்டி, விரிசல் மேல தங்கப் பொடி பூசுவாங்க. கின்ட்சுகின்னு பேரு” என்றார். “சவரன் என்ன விலை விக்குது தெரியுமாடா?” என்று கேட்டுவிட்டு அம்மா துடைப்பத்தை எடுத்தார்.

அலமாரியில் ஒரு தருமா பொம்மை இருக்கிறது. சிவப்பு உருண்டை, கை கால் கிடையாது. காஞ்சிபுரத்து ராஜகுமாரர் என்று ஒரு மரபு சொல்கிற போதிதர்மர்தான் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்து இப்படி உருண்டையாகிவிட்டார். வாங்கும்போது இரண்டு கண்ணும் வெள்ளையாக இருக்கும். வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்குக் கருவிழி வைக்க வேண்டும். காரியம் முடிந்ததும் மற்றதற்கு. சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நம்மவர் ஒரு கண்ணைத் திறந்தார். இன்னொன்று அப்படியே இருக்கிறது. ஊரிலிருந்து வந்த அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “திருஷ்டி பொம்மையை வாசல்ல கட்டாம உள்ள வச்சிருக்கீங்களே, அதான் இவனுக்கு வேலை அமைய மாட்டேங்குது” என்றார்.

டிஸ்னி, ஆசியா என்ற இரண்டு பித்தும் சேருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே போனால் ஆர்ட்டிஸ்டின் குரல் தழுதழுக்கும். 1942இல் வந்த ‘பாம்பி’. காட்டை இலை இலையாக வரைந்து பார்த்தார்கள். அத்தனை இலைக்கு நடுவில் மான் குட்டி எடுபடவில்லை. அப்போது டைரஸ் வோங் என்பவர் தானாகவே சில சின்ன ஓவியங்கள் தீட்டிக் காட்டினார். சீனாவிலிருந்து சிறுவனாக வந்தவர், ஸ்டூடியோவில் இன்பிட்வீனர் என்ற கடைநிலை வேலை. சோங் வம்சக் காலத்து நிலக்காட்சி ஓவியங்களில் இருக்கிற மாதிரி மூடுபனி, நாலு மரம், மீதி வெட்டவெளி. படத்தின் முகமே மாறிப்போனது. 1941இல் டிஸ்னியில் நடந்த ஸ்டிரைக்குக்குப் பிறகு அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். டைட்டிலில் பின்னணி வரைந்தவர்களில் ஒருவர் என்று மட்டும் போட்டார்கள். 2001இல்தான் டிஸ்னி லெஜண்ட் என்ற கௌரவம் கிடைத்தது. 2016இல் இறந்தபோது வயது 106. கடைசிக் காலத்தில் தானே பட்டம் செய்து கடற்கரையில் விட்டுக்கொண்டிருந்தார். இதில் கிண்டல் செய்ய எனக்கும் ஒன்றுமில்லை.

கிண்டலுக்கு வேலை, ஆர்ட்டிஸ்ட் இந்த வெட்டவெளித் தத்துவத்தை அப்பளக் கம்பெனி அண்ணாச்சியிடம் கொண்டுபோன இடத்தில் இருக்கிறது. அண்ணாச்சி கேட்டது பாக்கெட் லேபிளுக்கு ஒரு யானை. பத்து நாள் கழித்துப் போன் செய்தால், யானை நடக்கும்போது கனம் எந்தக் காலில் இறங்குகிறது என்று ஆராய்ச்சி நடக்கிறது என்றார் ஆர்ட்டிஸ்ட்.

“யானை நிக்கட்டும் தம்பி, நடக்க வேண்டாம். அப்பளம் நொறுங்கிப் போகும்.”

அதற்கும் அசையவில்லை. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தில் கூட்டம் நகர்கிற 4 நொடிக் காட்சியை வரைய ஒரு அனிமேட்டருக்கு 15 மாதம் ஆனது என்ற உண்மையை எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். “அவருக்குத் தீபாவளி சீசன் கிடையாதோ?” என்றார்.

கடைசியில் படம் வந்தது. வலது கீழ் மூலையில் விரற்கடை அளவு யானை, மீதி முக்கால் லேபிளும் வெட்டவெளி, லேசான பனி. அண்ணாச்சிக்கு ரொம்பத் திருப்தி. “இடம் நல்லா விட்டிருக்கீங்க தம்பி” என்று பாராட்டி, அந்தப் பனியின் மேல் இரண்டு செல்போன் நம்பர், எடை, விலை, தயாரித்த தேதி, ‘கிளைகள் கிடையாது’ என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டார்.

சினிமாவுக்கு இவரோடு போனால் வண்டி எடுக்கும்போது கடைசி ஆளாகத்தான் வெளியே வர முடியும். யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் கொய்ச்சி சசாகியும் சேர்ந்து இயக்கிய ஜப்பான் - இந்தியக் கூட்டு ராமாயணம் 1992இல் தயாரான படம். 2025 ஜனவரியில் தமிழ் பேசித் திரைக்கு வந்தபோது குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனார். அந்த ராம் மோகன் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் தொழில் கற்றதே, பாம்பியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956இல் இங்கே வந்து சொல்லிக்கொடுத்துத்தான் என்ற வம்சாவளியை இடைவேளையில் பாப்கார்ன் வரிசை முழுக்கக் கேட்டது. படம் முடிந்து அத்தனை பேரும் போன பிறகு, பெயர்கள் ஓடி முடிகிற வரை எழுந்து நின்று பார்த்தார். தியேட்டரைப் பெருக்க வந்த அம்மாள் காத்திருந்து பார்த்துவிட்டு, “உங்க பேரு வருதாப்பா?” என்று கேட்டார்.

“இல்லம்மா.”

“அப்பக் கெளம்புப்பா.”

அதே வருஷம் மார்ச்சில் ஊரே ஏஐயிடம் போட்டோவைக் கொடுத்து மியாசாகியின் கிப்லி ஸ்டூடியோ பாணிப் படமாக மாற்றிக்கொண்டதே, அப்போது பெரியப்பாவின் சஷ்டியப்தபூர்த்திப் படமும் பச்சைப் புல்வெளியோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே, “நீ மூணு மாசமா வரையறதை இது மூணு நிமிஷத்துல போட்டுடுச்சு” என்று ஒரு குறிப்பு. ஆர்ட்டிஸ்ட் பதில் எழுதவில்லை. குழுவை விட்டு வெளியேறினார். பெரியப்பாவுக்கு அந்தப் படத்தில் ஆறு விரல் என்பதை ஆர்ட்டிஸ்டைத் தவிர வேறு யாரும் கவனிக்கவும் இல்லை.

உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். பத்திரிகைக்குப் பிள்ளையார் வேண்டும், பாப்பா பிறந்தநாளுக்கு ஒரு படம் வேண்டும் என்றால் தாராளமாகக் கேளுங்கள், போட்டுத் தருவார். ஆறு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள், பாதிப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். “சும்மா பென்சில்ல ஒரு கிறுக்கல்தானே, இதுக்குக் காசா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எந்தப் பென்சில் என்று ஆரம்பிப்பார், விடிந்துவிடும்.