மாப்பிள்ளையின் ஈயும் பெரியப்பாவின் ஈயும்

ஜலகண்டாபுரத்துக்காரனிடம் மீனைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம்தான் பேசுவான்: கிலோ என்ன விலை, குழம்பா வறுவலா. மேட்டூர் அணை பக்கத்தில் இருப்பதால் கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி எல்லாமே தெரியும். அந்த மீன் கடைசியாகத் தின்றது தண்ணீருக்கு மேலேயா, அடியிலா என்று எங்கள் ஊரில் யாரும் விசாரித்ததில்லை. இங்கிலாந்தில் அதை விசாரித்தே தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையின் ஒரு கிளை எங்கள் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தது.

முதலில் கொண்டுவந்தவர் பெரியப்பா. மின்வாரியத்தில் வேலை, குந்தா நீர்மின் திட்டத்தில் போட்டார்கள். நீலகிரி ஓடைகளில் அப்போது டிரவுட் என்ற மீன் இருந்தது. அதை அங்கே சேர்க்க வெள்ளைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1863இல் ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர் சீமையிலிருந்து முட்டை தருவிக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. இன்று நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குக் குளுகுளுவென்று கப்பலேறிப் போகிறது. அவருக்கு அந்த வசதி இல்லை. பிறகு 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். வானவில் டிரவுட் அந்தக் குளிரில் பிழைத்துக்கொண்டது. நம் ஊருக்கு அது வராது. சித்திரை மாதம் எங்கள் தெருக்குழாயில் வரும் தண்ணீரில் விட்டால் மசாலா மட்டும்தான் பாக்கி.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத் துரை பெரியப்பாவிடம் மூங்கில் தூண்டிற்கோல் ஒன்றையும் ஒரு தகர டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனாராம். டப்பா நிறையப் பொய் ஈக்கள். முள்ளில் பட்டு நூலைச் சுற்றி, கழுத்தில் இறகு கட்டி, பூச்சி மாதிரி செய்தவை. மண்புழுவும் மாவுருண்டையும் கௌரவக் குறைச்சல் என்பதால் மீனை ஏமாற்ற இந்த ஏற்பாடு.

இதில் இரண்டு ஜாதி. வெட் ஃப்ளை என்பது மூழ்கும் ஈ. பெட்டைக் கோழியின் மெத்தென்ற இறகில் கட்டுவது. ஆற்றுக்குக் குறுக்கே, கொஞ்சம் கீழ்நோக்கி வீசினால் போதும். நீரோட்டம் நூலை வளைத்து இழுத்துப்போய் மீனின் வாயருகே விடும். டிரை ஃப்ளை மிதக்கும் ஈ. சேவலின் விறைத்த கழுத்திறகில் கட்டினால் தண்ணீரின்மேல் நுனிக்காலில் நிற்கும். அதை நீரோட்டத்துக்கு எதிர்நோக்கி, மீனுக்கு மேலே வீச வேண்டும். நூல் கொஞ்சம் இழுத்தாலும் ஈ வழுக்கிக் கோடு கிழிக்கும். மீன் சிரித்துவிட்டுப் போய்விடும். நனைந்துவிட்டால் ஆகாயத்தில் முன்னும் பின்னுமாக வீசி உலர்த்த வேண்டும். ஈ உலர்வதற்குள் வீசுகிறவர் நனைந்துவிடுவார்.

பெரியப்பா மூழ்கும் கட்சி. "ஆறு சும்மாதானே ஓடுது கண்ணு? அதுக்கு ஒரு வேலையைக் குடு. நாம எதுக்கு அலட்டிக்கணும்?" என்பார். அரசு வேலையில் இருந்தவர். தத்துவம் அப்படித்தான் இருக்கும்.

வைணவத்தில் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்று சொல்வார்கள் அல்லவா? தென்கலைக்காரர் பூனைக்குட்டி, தாய் கவ்விக்கொண்டு போய்க் கரை சேர்த்துவிடும். வடகலைக்காரர் குரங்குக்குட்டி, தாயைத் தானேதான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூழ்கும் ஈ சுத்தமான தென்கலை. சீமையில் யானைக்கு நாமம் போடும் வழக்கம் இல்லாததால் வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை, கிளப் வரைதான் போனது.

வடகலைக்கு ஆசாரியர் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு. 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார், 1889இல் இன்னொன்று. மேலே வந்து வாய் வைக்கும் மீனைப் பார்த்து, அது தின்கிற பூச்சியைப் பார்த்து, அதே அச்சில் ஈ கட்டி வீசுவதே முறை என்றார். அவர் சொன்னதைவிடச் சீடர்கள் கடுமையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஹாம்ப்ஷயர் ஆறுகள் சிலவற்றில் மூழ்கும் ஈயை நனைப்பதே ஆசாரக்கேடு என்றாகிவிட்டது.

எதிர்க்கட்சிக்கு வந்தவர் ஸ்கூஸ். தொழிலில் வக்கீல், ஆகையால் சாட்சியம் தேடினார். பிடித்த மீனின் வயிற்றுக்குள் நீளக் கரண்டியை விட்டுத் துழாவி, உள்ளே இருந்ததை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலும் இறக்கை முளைக்காத இளம் பூச்சிகள், அதாவது தண்ணீருக்குள்ளேயே பிடித்துத் தின்றவை. இதில் அதிசயமும் இல்லை. மேஃப்ளை என்ற அந்தப் பூச்சி மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் வாழ்ந்துவிட்டு, இறக்கை முளைத்தபின் ஒன்றிரண்டு நாளில் கல்யாணம் முடித்துச் செத்துப்போகும். அந்த நாட்களில் அதற்குச் சாப்பிட வாய்கூடச் சரியாக இல்லை. விருந்தே இல்லாத கல்யாணம். எங்கள் பக்கம் இதை மன்னிக்க மாட்டார்கள். 1910இல் ஸ்கூஸ் தன் வாதத்தைப் புத்தகமாக்கினார். 1938இல் லண்டன் தூண்டில்காரர்கள் கிளப்பில் இதற்கென்றே ஒரு விவாதம் கூட்டினார்கள். அப்போது அவருக்கு 79 வயது. 50 ஆண்டுகளுக்கு மேலாகத் தூண்டில் போட்ட ஆற்றை அந்த ஆண்டே விட்டு விலகினார். ஒரு மீன் எங்கே வைத்துச் சாப்பிட்டது என்பதற்காக!

எங்கள் வீட்டு வடகலை, தங்கையின் கணவர். பெங்களூரில் மென்பொருள் வேலை. மாப்பிள்ளை என்பதால் அவர் சொன்னால் மறுக்கக் கூடாது. "மச்சான், மேல வந்து கடிக்கிறதைக் கண்ணால பார்க்கணும். அதான் கிக்" என்பார். ஈயின்மேல் தடவ அவரிடம் ஒரு தைலம் வேறு உண்டு. என் அம்மாவின் மூட்டுவலித் தைலத்தைவிட விலை அதிகம்.

ஒரு முறை இமாசலப் பிரதேசம், குல்லு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன் ஆற்றுக்குப் போகலாம் என்றார். போகுமுன் ஈ கட்ட வேண்டும். பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் எங்கள் ஊரில் பஞ்சமா? தறிக்காரர் வீட்டில் கேட்டால் பிசிறு பிசிறாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளையின் ஈக்குச் சேவல் இறகும் என் ஈக்குப் பெட்டை இறகும் தேடித்தான் நாமக்கல் போனேன்.

"ஏனுங்க, ஒரு சேவல் கிடைக்குங்களா?"

பண்ணைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க எல்லாமே முட்டைக் கோழிங்க. சேவக் குஞ்சைப் பொரிப்பகத்துலயே கழிச்சிருவாங்க. முட்டை போடாதவனுக்குத் தீனி போட முடியுங்களா?"

கோடிக்கணக்கில் கோழி இருக்கும் மாவட்டம், அத்தனையும் பெட்டை. நாமக்கல் பிறவியிலேயே மூழ்கும் கட்சி என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனால் அந்தக் கோழிகளின் வெள்ளை இறகு எனக்கு உதவவில்லை. நான் கட்ட நினைத்தது யார்க்ஷயரின் ஒரு பழைய ஈ: ஆரஞ்சுப் பட்டு நூல், கழுத்தில் ஒரு கவுதாரி இறகு, அவ்வளவுதான். நம் ஊரில் கவுதாரியைத் தொட்டால் வனத்துறை நம்மைத் தொடும். அத்தை வீட்டு நாட்டுப் பெட்டையின் புள்ளி இறகு அதற்கு ஈடு கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் போன பெட்டைதான். இறகுக்கென்று தனியாக யாரும் உயிரை விடவில்லை.

ஒரு காலத்தில் சீமைக்காரர்களுக்கு நம் மலைகளின்மேல் இதைவிடப் பெரிய கண் இருந்தது. தென்னிந்தியக் காடுகளில், நம் சேர்வராயன் மலையிலும்தான், திரியும் சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்திறகில் மெழுகு வார்த்த மாதிரி மஞ்சள் புள்ளி இருக்கும். பகட்டான ஈக்களுக்குக் கண் வைக்க அதைத்தான் தேடினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு சேவல் நிம்மதியாகக் கூவுகிறது. இப்போது சீமையிலேயே பண்ணை வைத்து வளர்த்துக்கொள்கிறார்கள்.

தீர்த்தனில் காலை முழுவதும் மாப்பிள்ளை ஆகாயத்தைத்தான் நனைத்தார். ஈ இரண்டு தடவை மரமேறியது. நான் கீழ்நோக்கி வீசிவிட்டுச் சும்மா நின்றேன். வளைவின் கடைசியில் நூல் வெடுக்கென்று இழுபட்டது. பழுப்பு டிரவுட், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. சத்தம் போட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். "சின்னதுதாங்க" என்றேன்.

சாயங்காலம் பூச்சிகள் கிளம்பி ஆற்றுக்கு மேலே மொய்த்தன. அங்கங்கே வட்ட வட்டமாகத் தண்ணீர் சுழித்தது. என் நாட்டுப் பெட்டையை ஒரு மீனும் சீந்தவில்லை. மாப்பிள்ளையின் ஈ மட்டும் மிதந்து வந்தது, ஒரு மூக்கு எழுந்தது, ஈயைக் காணோம். என் மீனைவிட அது பெரிது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கூத்து இருட்டுமுன் முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் மீன் அடியில்தான் சாப்பிடுகிறது. அரை மணி நேர விருந்துக்காக நாள் முழுக்கக் கை வலிக்க வீசுவது வசதி உள்ளவர்களின் விரதம். என் ஓட்டு பெரியப்பாவுக்கே.

தீர்த்தனுக்குப் போக நினைப்பவர்கள் மார்ச் முதல் அக்டோபருக்குள் போங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மீன் முட்டையிடும் காலம், தூண்டிலுக்குத் தடை. உரிமம் மீன்வளத் துறையில் வாங்க வேண்டும். ஆரஞ்சுப் பட்டு நூல் வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வாருங்கள், தருகிறோம். சேவல் இறகு கேட்டு மட்டும் நாமக்கல் போகாதீர்கள்.