லத்தி இல்லாத கமிஷனர்

இங்கிலாந்தில் போலீஸ் கமிஷனரையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே?

வேல்ஸிலும்தான். 2012 நவம்பரில் முதல் தேர்தல். வேல்ஸின் நியூபோர்ட் நகரில் ஒரு வாக்குச்சாவடியில் நாள் முழுக்க ஒரு ஓட்டுகூட விழவில்லை. கள்ள ஓட்டுப் போடக்கூட ஆள் வரவில்லை, பாருங்கள்!

அவருக்கு லத்தி, தொப்பி எல்லாம் உண்டா?

கிடையாது. பட்ஜெட் போடலாம், தலைமைக் காவல் அதிகாரியை நியமிக்கலாம், நீக்கலாம். 'இவனைப் பிடி, அவனை விடு' என்று மட்டும் சொல்லக்கூடாது. அப்புறம் என்ன சார் அரசியல்வாதி?

பெரிய தலை யாராவது நின்றார்களா?

முன்னாள் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட், ஹம்பர்சைடில். 2001 பிரசாரத்தில் தன்மீது முட்டை வீசியவருக்கு அங்கேயே ஒரு குத்து விட்டவர்! முதல் சுற்றில் முந்தினார். இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணியதும் தோற்றார்.

குற்றப் பின்னணி உள்ளவர் போட்டியிடலாமா?

மூச்! சிறைக்கு அனுப்பத்தக்க குற்றத்தில் எப்போதோ தண்டனை பெற்றிருந்தாலும் தகுதி போச்சு. 1966-ல், 13 வயதில், ரயில் பாதையில் ஏர்கன்னோடு பிடிபட்டு அபராதம் கட்டிய ஒருவர், 2012-ல் வேட்பாளராக இருந்தும் விலக நேர்ந்தது. எம்.பி. ஆக அந்தப் பழைய அபராதம் தடையே இல்லை.

இந்தப் பதவிக்கு எதிர்காலம்?

2028 மே மாதத்தோடு ஒழிக்கப் போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்துவிட்டது. நல்லவேளை, அதற்கு யாரையும் ஓட்டுப் போடக் கூப்பிடவில்லை.